தீராத கடன்: அணு ஆயுதச் சோதனைகளும் அவை விட்டுச்சென்ற மண்ணும்

நாகசாகிக்குப் பிறகு எந்தப் போரிலும் அணுகுண்டு வீசப்படவில்லை என்பது உண்மை. ஆனால் அதன்பிறகு அணுகுண்டு மனிதரைத் தீண்டவே இல்லை என்ற எண்ணம் அந்த உண்மையின் நிழலில் வளர்ந்துவிட்ட பெரும்பிழை. 1945 ஜூலையில் நடந்த முதல் வெடிப்பு தொடங்கி 2017 செப்டம்பரில் வட கொரியா நடத்திய கடைசி வெடிப்பு வரை, எட்டு நாடுகள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட முறை அணுகுண்டுகளைச் சோதனைக்காக வெடித்துள்ளன. இவற்றுள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை அமெரிக்காவுடையவை, 715 சோவியத் ஒன்றியத்துடையவை, 210 பிரான்சுடையவை, பிரிட்டனும் சீனாவும் தலா 45 முறை வெடித்தன. ஐந்நூறுக்கும் மேற்பட்ட குண்டுகள் நிலத்தடியில் அல்லாமல் திறந்த வெளியிலேயே, அதாவது கோபுரங்களின் உச்சியிலும் கடற்பரப்பிலும் வானத்திலும், வெடிக்கப்பட்டன.

இந்த வெடிப்புகள் நடந்த இடங்களை வரைபடத்தில் குறித்துப் பார்த்தால் ஓர் ஒழுங்கு புலப்படும். அமெரிக்கா நெவாடாவில் ஷோஷோனி பழங்குடியினர் தங்களுடையது என்று உரிமை கோரும் பாலை நிலத்தையும், பசிபிக் பெருங்கடலின் மார்ஷல் தீவுகளையும் தேர்ந்தெடுத்தது. சோவியத் ஒன்றியம் கசாக்ஸ்தானின் புல்வெளியையும் வடதுருவப் பகுதியில் உள்ள நோவயா செம்லியா தீவையும், பிரிட்டன் ஆஸ்திரேலியாவில் அனங்கு பழங்குடியினர் வாழ்ந்த மரலிங்காவையும், பிரான்ஸ் முதலில் அல்ஜீரியாவின் சஹாராவையும் பிறகு பாலினீசியத் தீவுகளையும், சீனா உய்கூர் மக்களின் சின்ஜியாங்கில் உள்ள லோப் நூரையும் தேர்ந்தெடுத்தன. ஆளில்லாத இடம் என்று அரசுகள் சொன்ன இடங்களில் ஆட்கள் இருந்தார்கள். அவர்களுடைய சொல் தலைநகரங்களில் எடுபடாது என்பதே அந்த இடங்களுக்கு இருந்த உண்மையான தகுதி.

அணுகுண்டு வெடிக்கும்போது வெப்பமும் அதிர்ச்சி அலையும் சில நொடிகளில் முடிந்துவிடுகின்றன; நீடிப்பது கதிரியக்கம். யுரேனியம் அல்லது புளூட்டோனியத்தின் அணுக்கரு பிளவுபடும்போது, நிலையற்ற நூற்றுக்கணக்கான வகை அணுக்கள் பிறக்கின்றன. அவை கதிர்வீச்சை வெளியிட்டபடியே படிப்படியாக வேறு தனிமங்களாக மாறுகின்றன. ஒரு கதிரியக்கப் பொருளின் அளவு பாதியாகக் குறைய எடுக்கும் காலத்தை அரை ஆயுட்காலம் என்பர். அயோடின்-131-க்கு அது எட்டு நாள், ஸ்ட்ரான்சியம்-90-க்கும் சீசியம்-137-க்கும் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள், புளூட்டோனியம்-239-க்கு சுமார் 24,000 ஆண்டுகள். குண்டு தரைக்கு அருகில் வெடித்தால், தீக்கோளம் மண்ணையும் பாறையையும் உறிஞ்சி ஆவியாக்கி மேலே கொண்டுசெல்ல, அந்தத் துகள்களின் மீது இந்த அணுக்கள் ஒட்டிக்கொண்டு, காற்று போகும் திசையெல்லாம் தூசியாக இறங்கும். இதைக் கதிரியக்கத் தூசிப்பொழிவு எனலாம். சோதனைக் களத்துக்கு வேலி போட முடியும். இந்தத் தூசிக்கு வேலி கிடையாது.

நியூ மெக்சிகோ பாலையில் 1945 ஜூலை 16 அன்று விடியற்காலை ஐந்தரை மணி அளவில் நடந்த டிரினிட்டி சோதனையே இதைக் காட்டிவிட்டது. அந்த வெடிப்பின் தூசி காற்றிலும் மழையிலும் கலந்து, ஆயிரம் மைலுக்கும் அப்பால் இண்டியானா மாநிலத்தில் அட்டை தயாரிக்கப் பயன்பட்ட ஆற்றுநீரில் இறங்கியது. அந்த அட்டையில் பொதிந்து வைக்கப்பட்ட கோடாக் நிறுவனத்தின் படச்சுருள்களில் புள்ளி புள்ளியாகக் கறை விழுந்தபோதுதான், காரணத்தைத் தேடிய அந்நிறுவனத்தின் இயற்பியலாளர் அணுகுண்டு வெடிப்பைக் கண்டுபிடித்தார். 1951-இல் நெவாடாவில் சோதனைகள் தொடங்கியபோது நிறுவனம் அரசிடம் முறையிட, படச்சுருள் தயாரிப்பாளர்களுக்குச் சோதனைகள் குறித்த முன்னறிவிப்பைத் தர அமெரிக்க அணுசக்தி ஆணையம் ஒப்புக்கொண்டது. அதே தூசி விழுந்த மேய்ச்சல் நிலங்களில் மாடு மேய்த்து, அந்தப் பாலைக் குழந்தைகளுக்குக் கொடுத்த குடும்பங்களுக்கு அத்தகைய முன்னறிவிப்பு எதுவும் தரப்படவில்லை. ஆபத்து தெரிந்திருந்தது, அதைத் தடுக்கும் வழியும் தெரிந்திருந்தது, ஆனாலும் மக்களுக்குச் சொல்லப்படவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

இருந்தாலும் இந்த வரலாற்றின் மிகக் கொடிய பகுதி மார்ஷல் தீவுகளில் நடந்தது. ஹவாய்க்கும் ஆஸ்திரேலியாவுக்கும் இடைப்பட்ட கடலில், பவழப்பாறைகள் வளையமாக உயர்ந்து நடுவே அமைதியான காயலை அடக்கிய இருபத்தொன்பது தீவு வளையங்களைக் கொண்டது அந்நாடு. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிடமிருந்து அமெரிக்கா கைப்பற்றிய இத்தீவுகளை, 1947-இல் ஐக்கிய நாடுகள் அவை அமெரிக்காவின் பொறுப்பாட்சியில் ஒப்படைத்தது. அங்கு வாழ்வோரின் நிலமும் வளமும் பறிபோகாமல் காப்பது அந்தப் பொறுப்பாட்சியின் நிபந்தனைகளுள் ஒன்று. ஆனால் அதற்கு முந்தைய ஆண்டே பிகினி தீவிலிருந்து 167 பேர் வெளியேற்றப்பட்டிருந்தார்கள். மனிதகுலத்தின் நன்மைக்காகவும் போர்களை முடிவுக்குக் கொண்டுவரவும் தீவைத் தற்காலிகமாகத் தருமாறு அமெரிக்கக் கடற்படை அதிகாரி பென் வயட் கேட்டபோது, எல்லாம் கடவுளின் கையில் இருக்கிறது என்று தலைவர் ஜூடா பதில் சொன்னார். மறுக்க முடியாத நிலையில் சொல்லப்பட்ட அந்தப் பதில் சம்மதமாகக் கொள்ளப்பட்டது; செய்திப்படத்துக்காக அந்தக் காட்சி கேமராவின் முன்னே திரும்பத் திரும்ப நடத்திப் படமாக்கப்பட்டது.

பிகினி மக்கள் கொண்டுவிடப்பட்ட ரோங்கெரிக் தீவில் உணவு போதாமல் பட்டினி கிடந்தார்கள். அங்கிருந்து 1948-இல் குவாஜலீன் வழியாகக் கிலி தீவுக்கு மாற்றப்பட்டார்கள். கிலி ஒரு சதுர கிலோமீட்டருக்கும் குறைவான பரப்பே உடையது; அதற்குக் காயல் கிடையாது. நூற்றுக்கணக்கான சதுர கிலோமீட்டர் காயலில் படகோட்டி மீன் பிடித்து வாழ்ந்தவர்களுக்கு, ஆண்டின் பல மாதங்கள் அலை சீறும் கடலால் படகே இறக்க முடியாத அந்தத் தீவு சிறைக்கு ஒப்பானது. இதற்கிடையே 1946 முதல் 1958 வரை பிகினியிலும் எனிவெடாக்கிலும் 67 அணுகுண்டுகள் வெடிக்கப்பட்டன. அவற்றின் மொத்த ஆற்றல் ஏறத்தாழ 108 மெகா டன், அதாவது பத்துக் கோடியே எண்பது லட்சம் டன் டி.என்.டி. வெடிமருந்துக்குச் சமம், ஹிரோஷிமா குண்டைப் போல ஏழாயிரம் குண்டுகள் என்றும் சொல்லலாம். 1952 நவம்பர் 1 அன்று நடந்த முதல் ஹைட்ரஜன் வெடிப்பான ‘ஐவி மைக்’கில் எலுகெலாப் என்ற தீவு முழுவதுமாக ஆவியாகி, அது இருந்த இடத்தில் ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் அகலமுள்ள பள்ளம் கடலுக்கடியில் எஞ்சியது.

1954 மார்ச் 1 அன்று பிகினியில் வெடித்த ‘காஸில் பிராவோ’ அமெரிக்கா வெடித்த குண்டுகளிலேயே மிகப் பெரியது. ஹைட்ரஜன் குண்டில் லேசான அணுக்கருக்கள் ஒன்றோடொன்று இணைந்து ஆற்றலைத் தருகின்றன. இதற்கான எரிபொருளாக பிராவோவில் லித்தியம் சேர்மம் பயன்பட்டது. லித்தியத்தின் இரு வகைகளுள் லித்தியம்-6 மட்டுமே வினையில் ஈடுபடும், லித்தியம்-7 சும்மா இருந்துவிடும் என்று அறிவியலாளர்கள் கணக்கிட்டிருந்தார்கள். ஆனால் வெடிப்பில் வெளிப்பட்ட வேகமான நியூட்ரான்கள் தாக்கியதும் லித்தியம்-7-உம் உடைந்து, இணைவுக்குத் தேவையான டிரிட்டியத்தை உண்டாக்கியது. ஆறு மெகா டன் எதிர்பார்த்த இடத்தில் பதினைந்து மெகா டன் வெடித்தது. அளவு தவறியது எதிர்பாராதது என்று விட்டுவிடலாம். மேலடுக்குக் காற்று மக்கள் வாழும் தீவுகளின் பக்கம் திரும்பக்கூடும் என்ற தகவல் முந்தைய இரவே கிடைத்திருந்தும் வெடிப்பு தள்ளிவைக்கப்படவில்லை என்பதை அப்படி விட்டுவிட முடியாது.

பிகினிக்குக் கிழக்கே சுமார் நூற்றைம்பது கிலோமீட்டர் தொலைவில் இருந்த ரோங்கெலாப் தீவில் அன்று காலை மேற்குத் திசை வெளிச்சத்தில் மூழ்கியது. சில மணி நேரம் கழித்து வெள்ளைத் தூள் விழத் தொடங்கியது. ஆவியான பவழப்பாறை சாம்பலாகத் திரும்பி வந்த தூள் அது. என்னவென்று அறியாத குழந்தைகள் அதை அள்ளி விளையாடினார்கள். அது தலையிலும் தோளிலும் படிந்தது, மழைநீர்த் தொட்டிகளில் கலந்தது, சமைத்த உணவின்மீதும் விழுந்தது. மாலைக்குள் வாந்தியும் தோல் எரிச்சலும் கண்டன. அடுத்த நாட்களில் தோல் புண்ணாகி, தலைமுடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. அருகில் இருந்த ரோங்கெரிக் தீவில் வானிலையைக் கண்காணித்துக்கொண்டிருந்த அமெரிக்கப் படையினர் 28 பேர் மறுநாளே விமானத்தில் அழைத்துச் செல்லப்பட்டார்கள். ரோங்கெலாப் மக்களுக்கான கப்பல் வர இரண்டு நாட்களுக்கு மேல் ஆனது. அதன்பின் சில நாட்களிலேயே ‘திட்டம் 4.1’ என்ற பெயரில், கதிர்வீச்சுக்கு ஆளான மனிதர்களின் உடல் மாற்றங்களை ஆராயும் பணி தொடங்கப்பட்டது.

1957-இல் தீவு பாதுகாப்பானது என்று அறிவிக்கப்பட்டு அவர்கள் திருப்பி அனுப்பப்பட்டார்கள். ஆண்டுதோறும் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்தின் மருத்துவர்கள் கப்பலில் வந்து இரத்தமும் சிறுநீரும் எடுத்துச் சென்றார்கள். அத்தீவில் மக்கள் வாழ்வது மனித உடலில் கதிரியக்கம் எப்படிச் சேர்கிறது என்பது குறித்து மிகப் பயனுள்ள தரவுகளைத் தரும் என்ற பொருளில் அந்த ஆய்வகத்தின் அறிக்கை ஒன்றே எழுதியது. பிராவோ நாளில் பத்து வயதுக்குக் கீழ் இருந்த ரோங்கெலாப் குழந்தைகளில் பெரும்பாலோருக்குப் பின்னாளில் தைராய்டு சுரப்பியில் கட்டி வந்தது. அன்று சிறுமியாக இருந்த லிஜோன் எக்னிலாங் 1995-இல் ஹேக் நகரின் பன்னாட்டு நீதிமன்றத்தில் நின்று, தனக்கு நேர்ந்த கருச்சிதைவுகளையும், எலும்பின்றி, உடல் ஊடுருவித் தெரியும்படி பிறந்து சில மணி நேரத்தில் மடிந்த சிசுக்களை அத்தீவுப் பெண்கள் ஜெல்லி மீன் குழந்தைகள் என்று அழைத்ததையும் சொன்னார். ஒவ்வொரு கருச்சிதைவும் கதிர்வீச்சால் ஆனதுதானா என்று அறிவியல் அளந்து சொல்வது கடினம். ஆனால் அளக்க வந்தவர்கள் அப்பெண்களிடம் கேட்டு எழுதிக்கொள்ளவில்லை என்பதே அவர்களுடைய மனக்குறை. 1985 மே மாதம், அரசு அசையாத நிலையில், கிரீன்பீஸ் அமைப்பின் ‘ரெயின்போ வாரியர்’ கப்பலில் ரோங்கெலாப் மக்கள் தங்கள் வீட்டுச் சாமான்களையும் பலகைகளையும் ஏற்றிக்கொண்டு மெஜாட்டோ தீவுக்குக் குடிபெயர்ந்தார்கள். அந்தக் கப்பலையே இரண்டு மாதத்தில் பிரெஞ்சு உளவாளிகள் நியூசிலாந்தின் ஆக்லாந்து துறைமுகத்தில் குண்டு வைத்து மூழ்கடித்தார்கள். பிரான்ஸ் பாலினீசியாவின் மொருரோவாவில் நடத்திய சோதனைகளை எதிர்க்க அது புறப்படவிருந்தது.

பிகினிக்கும் இதே கதிதான். 1970-களில் திரும்பிவந்த குடும்பங்கள் 1978-இல் மறுபடியும் வெளியேற்றப்பட்டன. அவர்களுடைய உடலில் சீசியம்-137 கூடிக்கொண்டே போனது கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. வேதியியல் முறையில் சீசியம் பொட்டாசியத்தை ஒத்தது. பவழ மண்ணிலோ பொட்டாசியம் மிகக் குறைவு. ஆகவே தென்னையும் தாழையும் சீமைப்பலாவும் பொட்டாசியத்துக்குப் பதிலாகச் சீசியத்தை உறிஞ்சி, இளநீரிலும் கனியிலும் சேர்த்துவைத்தன. கடலும் காற்றும் தூய்மையாகத் தெரியும் தீவில், தோட்டத்துத் தேங்காயை உண்ணக் கூடாது என்றால் அங்கு எப்படி வாழ்வது?

பிராவோவின் தூசி மார்ஷல் மக்களோடு நின்றிருந்தால் உலகம் அதை அறியாமலே போயிருக்கக்கூடும். ஆனால் தடை செய்யப்பட்ட பகுதிக்கு வெளியே சூரை மீன் பிடித்துக்கொண்டிருந்த ‘ஐந்தாம் ஃபுகுர்யு மாரு’ என்ற ஜப்பானியப் படகின் மீதும் அந்தச் சாம்பல் விழுந்தது. 23 மீனவர்களும் நோயுற்ற நிலையில் மார்ச் 14 அன்று யாய்சு துறைமுகத்துக்குத் திரும்பினார்கள். படகின் வானொலி இயக்குநர் ஐகிச்சி குபோயாமா அந்த ஆண்டு செப்டம்பரில் இறந்தார். சந்தைக்கு வந்த மீனில் கதிரியக்கம் இருப்பது தெரிந்து ஜப்பானே கொதித்தெழ, கோடிக்கணக்கானோர் அணுகுண்டுச் சோதனைக்கு எதிரான மனுக்களில் கையெழுத்திட்டார்கள். அதே ஆண்டு ஏப்ரல் 2 அன்று இந்திய நாடாளுமன்றத்தில் பிரதமர் நேரு, ஆயுதங்களைக் கைவிடுவது குறித்து உடன்பாடு எட்டும்வரை வெடிப்புகளையாவது நிறுத்திவைக்க வல்லரசுகள் இணங்க வேண்டும் என்று கோரினார். சோதனைத் தடை என்ற கருத்தை உலக அரங்கில் முன்வைத்த தொடக்கக் குரல்களுள் அது ஒன்று. மார்ஷல் தீவினரும் அம்மாதமே ஐ.நா. பொறுப்பாட்சிக் குழுவுக்கு மனு அனுப்பினார்கள். தங்களுக்கு நிலம் என்பது பயிரிடவும் வீடு கட்டவும் இறந்தோரைப் புதைக்கவும் உள்ள இடம் மட்டும் அன்று, அதுவே தங்கள் உயிர் என்ற கருத்து அம்மனுவில் இருந்தது. சோதனைகள் மேலும் நான்கு ஆண்டுகள் தொடர்ந்தன.

தூசி எங்கோ ஒரு பெருங்கடலில் விழுகிறது என்று நினைத்திருந்த அமெரிக்கத் தாய்மார்களை உலுக்கியது குழந்தைகளின் பால் பற்கள். ஸ்ட்ரான்சியம்-90 கால்சியத்தை ஒத்தது. புல்லில் படிந்து, மாட்டின் வயிற்றுக்குப் போய், பாலில் கலந்து, வளரும் குழந்தையின் எலும்பிலும் பல்லிலும் கால்சியம் அமரவேண்டிய இடத்தில் அமர்ந்துகொள்ளும். இதை அளந்து பார்க்க செயின்ட் லூயிஸ் நகரில் உயிரியலாளர் பேரி காமனர் முதலானோர் அமைத்த குடிமக்கள் குழு, மருத்துவர் லூயிஸ் ரைஸ் தலைமையில் 1958 முதல் விழுந்த பால் பற்களைச் சேகரித்தது. பல்லை அனுப்பிய ஒவ்வொரு குழந்தைக்கும் அறிவியலுக்குத் தன் பல்லைக் கொடுத்ததாகச் சொல்லும் சட்டை வில்லை ஒன்று கிடைத்தது. சில ஆண்டுகளில் லட்சக்கணக்கான பற்கள் வந்து குவிந்தன. 1950-களின் தொடக்கத்தில் பிறந்த குழந்தைகளைவிடப் பின்னால் பிறந்தவர்களின் பற்களில் ஸ்ட்ரான்சியம்-90 பல மடங்கு கூடியிருந்ததை ஆய்வு காட்டியது. வல்லரசுகளின் இரகசியக் கோப்புகளில் இருந்த உண்மையை, உறைகளில் போட்டு அனுப்பப்பட்ட பற்கள் ஊரறியச் சொல்லிவிட்டன. மக்களே நடத்திய அறிவியல் ஆய்வுகளில் இதைவிடப் பெரும்பயன் விளைத்தது அரிது.

1961 அக்டோபர் 30 அன்று சோவியத் ஒன்றியம் நோவயா செம்லியாவில் ஐம்பது மெகா டன் குண்டை வெடித்தது. மறு ஆண்டு கியூபா நெருக்கடி உலகைப் போரின் விளிம்புக்குக் கொண்டுபோனது. இவற்றின் அச்சமும் மக்களின் எதிர்ப்பும் சேர்ந்து, 1963 ஆகஸ்ட் 5 அன்று மாஸ்கோவில் அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் பிரிட்டனும் பகுதிச் சோதனைத் தடை ஒப்பந்தத்தில் கையெழுத்திட வழிவகுத்தன. வளிமண்டலத்திலும் விண்வெளியிலும் நீருக்கடியிலும் வெடிப்பதை அது தடுத்தது. பற்களிலும் பாலிலும் ஸ்ட்ரான்சியம் குறையத் தொடங்கியது. பிரான்ஸ் 1974 வரையிலும் சீனா 1980 அக்டோபர் வரையிலும் திறந்த வெளியில் வெடித்தன. நிலத்தடி வெடிப்புகளுக்கு ஒப்பந்தம் விட்டுவைத்த வாசல் வழியே ஆயுதப் போட்டி முன்னைக்காட்டிலும் விறுவிறுப்பாகவே நடந்தது. ஆனால் தூசி கண்ணுக்குத் தெரியாமல் போனதால் மக்களின் எதிர்ப்பு தணிந்துவிட்டது என்பது அந்த வெற்றியின் வருத்தத்துக்குரிய மறுபக்கம்.

நிலத்தடி வெடிப்பு எல்லாவற்றையும் அடக்கிவிடும் என்பதும் உண்மையன்று. 1962 மே 1 அன்று அல்ஜீரியாவின் மலைக்குள் பிரான்ஸ் வெடித்த குண்டு மலையைப் பிளந்து கதிரியக்க மேகத்தைக் கக்கியபோது, பார்க்க வந்திருந்த பிரெஞ்சு அமைச்சர்களே அதில் சிக்கினார்கள். கசாக்ஸ்தானின் செமிபலாத்தின்ஸ்க் களத்தில் இத்தகைய கசிவுதான் ஒரு பேரியக்கத்தைப் பிறப்பித்தது. 1949 ஆகஸ்ட் 29 தொடங்கி அங்கு 456 வெடிப்புகள் நடந்தன. முதல் குண்டின் தூசி, வெளியேற்றப்படாத ஊர்களின்மேல் விழுந்தது. கதிர்வீச்சால் நோயுற்றவர்களை ஆராய 1957-இல் செமிபலாத்தின்ஸ்கில் அமைக்கப்பட்ட மருத்துவ நிலையத்துக்குக் கால்நடைகளிடமிருந்து தொற்றும் புருசெல்லா நோயைத் தடுக்கும் நிலையம் என்று பெயர்ப்பலகை மாட்டப்பட்டது. நோயாளிக்கே நோயின் பெயர் மறைக்கப்பட்டது. 1989 பிப்ரவரியில் நிலத்தடி வெடிப்புகளிலிருந்து கதிரியக்க வாயு கசிந்த செய்தி எட்டியபோது, கசாக் கவிஞர் ஓல்ஜாஸ் சுலைமேனோவ் தொலைக்காட்சியில் கவிதை வாசிக்க வந்த இடத்தில் அதைப் போட்டு உடைத்து, மக்களைத் திரளுமாறு அழைத்தார். சில நாட்களில் அல்மா-அட்டாவின் எழுத்தாளர் சங்கக் கட்டடத்தில் ஆயிரக்கணக்கானோர் கூட, உலகின் மறுகோடியில் அதே நோயால் வாடியவர்களையும் சேர்த்துக்கொண்டு ‘நெவாடா-செமிபலாத்தின்ஸ்க்’ என்று இயக்கத்துக்குப் பெயரிட்டார்கள். அந்த ஆண்டுடன் அங்கு வெடிப்புகள் நின்றன. 1991-இல், முதல் வெடிப்பு நடந்த அதே ஆகஸ்ட் 29 அன்று களம் மூடப்பட்டது. களத்தை விட்டு இராணுவம் வெளியேறிய பிறகு, செப்புக் கம்பிகளை வெட்டி விற்க வறியவர்கள் புளூட்டோனியம் கிடந்த சுரங்கங்களுக்குள் நுழைந்தார்கள். அங்குள்ள டெகெலென் மலையின் சுரங்கங்களை அமெரிக்காவும் ரஷ்யாவும் கசாக்ஸ்தானும் சேர்ந்து அடைத்து முடிக்க 2012 ஆயிற்று.

1954-இல் சோதனைகளை நிறுத்தக் கோரிய இந்தியாவும் பின்னர் சோதனை நடத்திய நாடாயிற்று. ராஜஸ்தானின் பொக்ரானில் 1974 மே 18 அன்றும், 1998 மே 11, 13 ஆகிய நாட்களிலும் நிலத்தடியில் வெடிப்புகள் நடந்தன. சென்னையில் பிறந்த இயற்பியலாளர் ஆர். சிதம்பரமும் ராமேசுவரத்தின் அப்துல் கலாமும் 1998-இன் முதன்மைப் பொறுப்பில் இருந்ததால் தமிழ்நாட்டில் அந்த வெடிப்புகள் தனிப் பெருமிதத்தோடு நினைக்கப்படுகின்றன. களத்துக்கு அருகே உள்ள கேத்தோலாய் ஊராரின் நினைவு வேறு. வீடுகளில் விழுந்த விரிசல்களையும், நோய்கள் பெருகிவிட்டன என்ற தங்கள் அச்சத்தையும் அவர்கள் தொடர்ந்து முறையிட்டு வருகிறார்கள், அரசோ கதிரியக்கக் கசிவு ஏதும் இல்லை என்கிறது. பெருமிதம் கொள்வோர் அந்த ஊரின் பெயரையும் அறிந்திருப்பது நியாயம்.

எல்லா வகை வெடிப்பையும் தடை செய்யும் முழுமைச் சோதனைத் தடை ஒப்பந்தம் 1996 செப்டம்பரில் கையெழுத்துக்கு வைக்கப்பட்டது. நில அதிர்வு, கடலொலி, காதுக்கு எட்டாத தாழ்வொலி, காற்றில் கலந்த கதிரியக்கம் ஆகிய நான்கையும் உலகெங்கும் உள்ள நிலையங்களில் இருந்து கண்காணிக்கும் அதன் அமைப்பு மிகச் சிறந்தது. வட கொரியாவின் ஆறு வெடிப்புகளையும் அது பதிவு செய்தது. ஆனால் அணுத் தொழில்நுட்பம் உடைய 44 நாடுகளும் ஏற்புறுதி அளித்தால்தான் ஒப்பந்தம் நடைமுறைக்கு வரும். இந்தியா, பாகிஸ்தான், வட கொரியா ஆகியவை கையெழுத்தே இடவில்லை. அமெரிக்காவும் சீனாவும் கையெழுத்திட்டும் ஏற்புறுதி அளிக்கவில்லை. ரஷ்யா தான் அளித்த ஏற்புறுதியை 2023 நவம்பரில் திரும்பப் பெற்றுக்கொண்டது. 2025 அக்டோபர் இறுதியில் அமெரிக்க அதிபர் டிரம்ப் சோதனைகளைத் தொடங்க உத்தரவிட்டதாக அறிவிக்க, அணு வெடிப்பு இல்லாத சோதனைகளே அவை என்று அவருடைய எரிசக்தித் துறை அமைச்சர் விளக்க வேண்டியிருந்தது. 1998-க்குப் பிறகு வட கொரியாவைத் தவிர வேறு எந்த நாடும் அணுகுண்டை வெடித்ததாக உறுதிப்படவில்லை என்பது பெரிய சாதனை. எனினும் அந்தக் கட்டுப்பாடு சட்டத்தில் அல்லாமல் அரசுகளின் மனநிலையில்தான் நிற்கிறது.

வெடிப்புகள் நின்ற இடங்களில் வேலை முடிந்துவிடவில்லை. எனிவெடாக்கில் 1977 முதல் 1980 வரை அமெரிக்க இராணுவத்தினர் சுமார் நாலாயிரம் பேர் கதிரியக்க மண்ணைச் சுரண்டி எடுத்து, ருனிட் தீவில் 1958-இன் ‘காக்டஸ்’ வெடிப்பு தோண்டிய பள்ளத்தில் கொட்டி, மேலே 46 சென்டிமீட்டர் கனமுள்ள கான்கிரீட் பலகைகளால் கவிகை மூடி போட்டார்கள். மூடி உண்டு, அடித்தளம் இல்லை. கீழே உள்ள பவழப்பாறை நீரை விடும் தன்மையது என்பதால் கடல் ஏறி இறங்குவதற்கு ஏற்ப நிலத்தடி நீரும் உள்ளே ஏறி இறங்குகிறது. கவிகை இடிந்துவிடும் நிலையில் இல்லை என்று அமெரிக்க எரிசக்தித் துறை சொல்கிறது. அதைவிடக் கவலைக்குரிய செய்தி, கவிகைக்குள் இருப்பதைக் காட்டிலும் அதிகமான புளூட்டோனியம் வெளியே காயலின் சேற்றிலேயே கிடக்கிறது என்பது. அந்தச் சேற்றைச் சுத்தம் செய்ய யாரும் முன்வந்ததில்லை.

இழப்பீட்டிலும் அதே பாகுபாடு தொடர்கிறது. நெவாடாவின் தூசி விழுந்த உட்டா, அரிசோனா போன்ற இடங்களின் மக்களுக்கு அமெரிக்கா 1990-இல் தனிச் சட்டம் இயற்றி, நூறு கோடி டாலருக்கும் மேல் வழங்கியது. டிரினிட்டியின் தூசி விழுந்த நியூ மெக்சிகோ மக்கள் அச்சட்டத்தில் சேர்க்கப்பட 2025 ஆயிற்று. நெவாடாவின் மொத்த வெளிவெடிப்பு ஆற்றலைவிடப் பன்மடங்கைத் தாங்கிய மார்ஷல் தீவினருக்கு 1986-இன் உடன்படிக்கை வழியாக 15 கோடி டாலர் நிதி ஒதுக்கப்பட்டு, கோரிக்கைகளை விசாரிக்க ஒரு தீர்ப்பாயமும் அமைக்கப்பட்டது.   தீர்ப்பாயம் 2001-இல் பிகினி மக்களுக்கு 56 கோடி டாலருக்கும் மேல், 2007-இல் ரோங்கெலாப் மக்களுக்கு நூறு கோடி டாலருக்கும் மேல் தீர்ப்பளித்தபோது, அதன் கஜானாவில் அதைக் கொடுக்கப் பணம் இல்லை. மீதியைக் கேட்டுத் தொடுத்த வழக்கை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2010-இல் விசாரிக்கவே மறுத்தது. 2014-இல் அணு ஆயுதம் வைத்திருக்கும் ஒன்பது நாடுகளுக்கு எதிராகவும் மார்ஷல் தீவுகள் பன்னாட்டு நீதிமன்றத்தை நாடியது. தனக்குப் பணம் கேட்காமல், ஆயுதக் களைவுக்கான பேச்சுவார்த்தையை நடத்துங்கள் என்று கேட்ட அந்த வழக்கில் இந்தியாவும் பாகிஸ்தானும் பிரிட்டனும் மட்டுமே பதிலளிக்க முன்வந்தன, 2016 அக்டோபரில் விசாரணை வரம்புக்கு உட்படாது என்று அது தள்ளுபடியானது. தற்காலிகம் என்று சொல்லி 1946-இல் வெளியேற்றப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் கிலியிலும் தலைநகர் மஜுரோவிலும் அமெரிக்க நகரங்களிலும் வாழ்கிறார்கள். பிகினியில் நிலையாகக் குடியிருப்போர் இல்லை.